உடன் வந்தவர்

"நோயாளி தன் குறைகளை மருத்துவரிடம் தானே தெரிவிக்கலாம். அவரால் இயலாதபோது மட்டும் உடன் வந்தவர் தெரிவிக்கலாம்." இது விதி எண் நான்கு. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிச் சீட்டில், பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். மொத்தம் ஒன்பது விதிகள். எச்சில் துப்பக் கூடாது என்ற விதிக்குக் கொட்டை எழுத்து. நான்காவதுக்குப் பொடி எழுத்து. மருந்தின் பெயர் முன்பக்கத்தில் இருந்ததால் எல்லோரும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து பின்பக்கத்தைப் படித்தவள் நான் ஒருத்திதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கத் தோன்றும். வில்லங்கம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

எனக்கு வந்த நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் பெருமையடிப்பது போல ஆகிவிடும். எண்பத்து மூன்றில் ஒரு நாள், ஒரு கிரயப் பத்திரத்தின் சர்வே எண்ணை அட்டவணையில் தவறாக ஏற்றிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். பிறகு அதற்கு முந்தைய தொகுதி. இரண்டு மாதத்தில் பத்து வருஷத்துத் தொகுதிகளையும் புரட்டியாகிவிட்டது. தூக்கம் போயிற்று, சோறு போயிற்று. ஒரு காலையில் அலுவலக வாசலில் நின்றுகொண்டு, பத்திரம் பதிய வந்தவர்களிடம் எதையும் விற்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். சிலர் யோசித்துத் திரும்பிப் போய்விட்டார்களாம். அன்றைக்குப் பதிவு குறைந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு சரியில்லை என்பது மேலதிகாரிக்குத் தெரிந்தது.

பத்திரம் எழுதிக்கொடுப்பவர் புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிவு அலுவலர் பதிய மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதைப் பலருக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன், கொஞ்சம் ருசித்து. அதே பிரிவின் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பிறகு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் காட்ட வேண்டும். மனநோய்க்கான டாக்டர் மெட்ராஸிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில்தான் வருவார். விதி எண் இரண்டின்படி, உடன் ஒருவர் வராமல் நோயாளியை உள்ளே விடமாட்டார்கள். எனக்கு உடன் வந்தவன் என் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார். உள்ளே போனதும் டாக்டர் அவனைப் பார்ப்பார்.

"எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல டாக்டர். அமைதியா இருக்காங்க."

"தூங்கறாங்களா?"

"தூங்கறாங்க டாக்டர்."

வானிலை அறிக்கை போல இருக்கும். நான் எதிர் நாற்காலியில், அறிக்கைக்குரிய வானமாக உட்கார்ந்திருப்பேன். தம்பிக்கும் எனக்கும் வீடு வேறு வேறு. நான் தூங்குவதை அவன் கண்டதே இல்லை. ஒருமுறை நானே வாயைத் திறந்து, பகலில் தலை தொங்குகிறது, நாளைய தேதியை இன்றைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம்பியிடம் "கவலைப்படறாங்களா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றான் தம்பி. மருந்துச்சீட்டில் ஒரு வரி கூடியது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவளைப் பார்த்தது எண்பத்து நாலின் கடைசியில், டாக்டர் அறைக்கு வெளியே இருந்த மர பெஞ்சில். முப்பது வயது இருக்கும். ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமம். செருப்பு, ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் தையல்காரி. அந்த மேல்பாகத்தை அங்கே 'அப்பர்' என்பார்கள். கணவன் லாரியோடு பம்பாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டு நிர்வாகம் நாத்தனார் கையில். அன்றைக்கு உடன் வந்ததும் நாத்தனார்தான். உள்ளே போய் நாத்தனார் கொடுத்த அறிக்கை கதவைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"சத்தமே இல்ல சார் இப்ப. சொன்னா சொன்னபடி கேக்குது. ஆனா நேத்து ஒரு நாள் எதுத்துப் பேசிச்சு."

வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போயிருந்தார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. அவளாகவே இடது ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நகத்தின் ஓரமாக மூன்று கறுப்புப் புள்ளிகள்.

"ஊசி ஏறினதுக்கா. மூணு தபா. கை நடுங்குது, துணிய… இல்ல, தோல நேரா வுட முடில. புது மாத்திர சாப்ட்டதுலேர்ந்து இப்டி."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"போன மாசம் சொன்னேன். ஜாஸ்தி பேசறேன்னு மாத்திரைய ஜாஸ்தி பண்ணிட்டாரு. இன்னிக்கி நாத்தனாரு எதுத்துப் பேசறேன்னு சொல்லிச்சா, இன்னும் ஒண்ணு." சீட்டைக் காட்டினாள். "இன்னும் ரெண்டு தபா எதுத்துப் பேசினா, ஒரு டப்பா மாத்திரயும் எனக்கே."

நான் சிரித்துவிட்டேன். ஒன்றரை வருஷத்தில் அந்த பெஞ்சில் அதுதான் முதல் சிரிப்பு. ஆனால் அவளுக்கு இருந்த சிக்கல் சிரிக்கக்கூடியதாக இல்லை. கை நடுக்கம் தெரிந்தவுடன் கம்பெனியில் அவளை மிஷினிலிருந்து எழுப்பி, தைத்து முடித்தவற்றில் துருத்தும் நூலைக் கத்தரிக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்த மிஷின் காலியாக இருந்தது. ரம்ஜான் நோன்பு ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருப்பதாகவும், அதற்குள் கை நேராகாவிட்டால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சூப்பர்வைசர் பாய் சொல்லியிருந்தார். மிஷின் போய்விட்டால் நூல் மேசைதான் கடைசி வரைக்கும். அங்கிருந்து யாரும் திரும்பி மிஷினுக்கு வந்ததில்லை.

"நூல் வெட்றதுக்குப் பொறந்தவளாக்கா நானு?" என்றாள்.

நான் என் சீட்டைத் திருப்பி, விதி எண் நான்கைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்ப நாத்தனாரு பேசறது தப்பா?"

"விதிப்படி தப்பு."

"இத போயி அதுங்கிட்ட சொல்லு பாப்போம்" என்று எழுந்தாள். நாத்தனார் வந்துகொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஆஸ்பத்திரி கண்காணிப்பாளருக்கு விதி எண் நான்கை மேற்கோள் காட்டி ஒரு மனு; பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நினைவூட்டு. அதற்கும் ஒப்புகை வந்தது. என் மனுக்களை அவர்கள் பத்திரமாகப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

வழி வேறு பக்கத்திலிருந்து கிடைத்தது. வெளிநோயாளிப் பதிவேட்டில் 'உடன் வந்தவர் பெயர், உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுத்தர் அதை நிரப்பும்போது தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் படிப்பது எங்கள் துறையில் ஒரு தகுதி. உறவு என்ற இடத்தில் பக்கத்து வீடு, முதலாளி, ஊர்க்காரர் என்றெல்லாம் எழுதியிருந்தது. உடன் வருபவர் யாராக இருக்கக் கூடாது என்று ஒன்பது விதிகளிலும் இல்லை. இன்னொரு நோயாளியாக இருக்கக் கூடாது என்று கண்டிப்பாக இல்லை.

அவளிடம் சொன்னேன். என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"நீ எனக்கு, நான் உனக்கா?"

"ஆமா."

"அக்கா, நீ நெசமாவே கொணமாயிட்டியா?" என்று கேட்டுவிட்டு, உடனே "செரி, செய்யலாம்" என்றாள்.

தம்பியையும் நாத்தனாரையும் கழற்றிவிடத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். தம்பியிடம், ஆம்பூர்ப் பெண் ஒருத்தி வருகிறாள், நீ எதற்கு மாதாமாதம் ஒரு தற்செயல் விடுப்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்றேன். "சரிக்கா" என்றான், நான் வாக்கியத்தை முடிப்பதற்குள். நாத்தனார் இன்னும் மோசம். ஆபீஸ் வேலை பார்க்கிற அம்மா கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னதும், "மகராசி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மேல் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கறைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் பெஞ்சில் நாலு மணி நேரமும் பிடித்தது, அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து இரண்டாவது செவ்வாய். எழுத்தரிடம் இரண்டு சீட்டையும் நீட்டினேன். அவர் எழுதிக்கொண்டே வந்து, நின்றார்.

"இன்னாம்மா இது? உங்களுக்கு இவங்க வந்திருக்காங்க, இவங்களுக்கு நீங்க வந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் பேஷண்ட்டு."

"ரெண்டு பேரும் உடன் வந்தவங்களும்தான். கூடாதுன்னு எந்த விதியில இருக்குன்னு காட்டுங்க, போய்டறோம்."

சீட்டைத் திருப்பினார். ஒன்பது விதிகளையும் விரல் வைத்துப் படித்தார். அவர் அவற்றை முதல்முறையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. எழுத்தர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பரிவு உண்டு. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருந்தது. "உறவு?" என்றார். "அக்கா" என்றாள் அவள். "தங்கச்சி" என்றேன் நான். எழுதிக்கொண்டார்.

என் டோக்கன் முதலில் வந்தது. உள்ளே அவள் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே பாடம் நடத்தியிருந்தேன்: பகலில் தலை தொங்குகிறது, ஆகவே மருந்தின் நேரத்தை மாற்றுவது பற்றி நோயாளி பேச விரும்புகிறார். மூன்று முறை ஒப்பிக்கவும் வைத்தேன். டாக்டர் வழக்கம்போல நாற்காலியில் இருந்தவளை விட்டு நின்றவளைப் பார்த்தார்.

"எப்படி இருக்காங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு மடை திறந்தது.

"நல்லாத்தான் சார் இருக்குது. ஆனா சரியான பேஜாரு. பஸ்ல டிக்கெட்டு குடுத்தா அதுல தப்பு கண்டுபுடிக்குது. மாத்திரைய பாதியா வெட்டி சாப்புடுது சார், ஒரு வருசமா."

எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. காலையில் பஸ்ஸில் என் டப்பாவில் பாதி மாத்திரைகளைப் பார்த்து எத்தனை நாளாக என்று கேட்டவளிடம், ஒரு வருஷமாக என்று சொல்லியிருந்தேன். டாக்டர் பேனாவை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா வெட்டினீங்க?"

கேள்வி காட்டமாகத்தான் வந்தது. ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொன்னேன்: தலை தொங்குவது, நாளைய தேதி, ஏற்கெனவே ஒருமுறை சொன்னது, அதற்குக் கிடைத்த கூடுதல் மாத்திரை. கேட்டுக்கொண்டார். வெட்டியதற்கு நன்றாகத் திட்டினார். பிறகு பகல் மாத்திரையை நிறுத்தி, எல்லாவற்றையும் படுக்கும் நேரத்துக்கு மாற்றி எழுதினார்.

வெளியே வந்து பெஞ்சில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிக்குடுத்தது என்ன, நீ சொன்னது என்ன?"

"மறந்துட்டேன்க்கா."

"மறந்தா வாயை மூடிட்டு இருக்கறது."

"அவரு என்னக் கேட்டாரு. அந்த ரூம்ல என்ன யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டவொடனே உள்ள இருந்ததெல்லாம் வந்துடுச்சு." என் கையிலிருந்த மருந்துச்சீட்டைத் தட்டிக் காட்டினாள். "ஆனா கொற சொல்லாத. வேல ஆச்சா இல்லியா?"

ஆகியிருந்தது. அதுதான் எரிச்சல். இருந்தாலும் இது இப்படியே போனால் நான் அவளுக்கு இன்னொரு நாத்தனார், அவள் எனக்கு இன்னொரு தம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். பெஞ்சிலேயே ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். மற்றவள் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கேள்வி தவறான ஆளிடம் வந்தால் சரியான ஆளிடம் திருப்பிவிட வேண்டும். கண்ணில் பட்ட வேறு எதையும் முதலில் அவளிடமே, பெஞ்சில் சொல்ல வேண்டும். மூன்றாவது அவள் போட்டது. "நீ வெட்டறத நான் மொதல்ல உங்கிட்ட சொல்லியிருக்கணும். அது எந் தப்பு" என்றாள். எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்றாள்.

அவள் டோக்கனுக்கு நான் ஆறு குறிப்புகள் அடங்கிய ஒரு தாள் தயாரித்திருந்தேன். உள்ளே போனோம். டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் குழம்பினார்.

"நீங்க இப்பதானே…"

"அப்ப நோயாளியா வந்தேன் டாக்டர். இப்ப உடன் வந்தவர்."

"சரி, இவங்க எப்படி இருக்காங்க?"

"அவங்களையே கேளுங்க டாக்டர். விதி நாலு. அவங்களால முடியாததை மட்டும் நான் சொல்றேன்."

"வெளிய நாப்பது பேர் இருக்காங்கம்மா."

"அவங்களுக்கும் அதே விதிதான் டாக்டர்."

அவர் முகம் சிவந்தது. நான் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால், என் பக்கத்தில் இருந்தவள் வாயடைத்து நின்றாள். என்னைப் பற்றி அப்படிப் பொரிந்து தள்ளியவளுக்குத் தன்னைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. ஆறு குறிப்புத் தாளை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

அதற்குள் அவள் தன் பையிலிருந்து இரண்டு தோல் துண்டுகளை எடுத்து டாக்டரின் மேசை மேல், மருந்துச்சீட்டுகளுக்கு நடுவே வைத்தாள். கறுப்புத் தோல், உள்ளங்கை அகலம். ஒன்றில் இரட்டைத் தையல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. இன்னொன்றில் தையல் ஓரத்தை விட்டு உள்ளே போய், வெளியே வந்து, ஓரிடத்தில் தோலைவிட்டே இறங்கியிருந்தது.

"இது முன்னாடி" என்றாள். "இது இப்ப."

அவ்வளவுதான். இதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் தாளைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

"எப்பலேர்ந்து?" என்றார், அவளிடம்.

சொன்னாள். விரலையும் காட்டினாள். அவர் அவள் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார், காகிதம் சடசடத்தது.

"குறைச்சா நோய் திரும்பி வரலாம்மா. வந்தா யார் பாத்து சொல்றது? உங்க வீட்ல அந்த அம்மாவா?"

"அது பாக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடும் சார்."

"எப்படி?"

"எனக்கு வரும்போது மொதல்ல மிஷினு சத்தம் பேச ஆரம்பிக்கும். எம் பேர சொல்லும். ரெண்டு மூணு நாளு கழிச்சுத்தான் மத்ததெல்லாம். மிஷினு பேர சொன்னவொடனே அடுத்த பஸ்ஸு ஏறி வந்துடறேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். இரண்டு வருஷமாக அவளுக்கு மருந்து கொடுப்பவர். இது புதுச் செய்தி. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. மாத்திரையைப் படிப்படியாகப் பாதியாக்கி, நடுக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்த்து, பதினைந்து நாளில் வரச் சொன்னார். கிளம்பும்போது தோல் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எதாவது சொல்லணுமா?"

"இல்லைங்க டாக்டர்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மார்ச் கடைசிக்குள் கை நடுக்கம் நின்றுவிட்டது. அவள் கம்பெனிக்கு என்னையும் கூப்பிட்டாள். நான் பேசக் கூடாது, நின்றால் போதும் என்பது நிபந்தனை. கஞ்சி போட்ட புடவை, கையில் ஒரு கோப்பு. கோப்புக்குள் காலி மனுத்தாள்கள்தான். வாசலில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். குடிக்கச் சோடா வந்தது. கோப்போடு பெண் யாராவது வந்தால் அது தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம்தான் என்பது அந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் நம்பிக்கை. நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது நடைமுறையில் இல்லை. சோடாவைக் குடித்தேன்.

சூப்பர்வைசர் பாய் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் எழுந்து போன பிறகு அவளை மிஷினில் உட்காரவைத்தார். ஒரு அப்பரைக் கொடுத்தார். தைத்தாள். வாங்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"அரே, நேரா இருக்குதே."

"அப்ப நாளைக்கி உக்காரவா பாய்?"

"இரும்மா. ஆபீஸ்ல ஆஸ்பத்திரிக் காகிதம் கேக்கறான். மிஷின்ல உக்காரலாம்னு எழுதி வாங்கினு வா. காகிதம் ஆபீசுக்கு. தையலு எனக்கு. எனக்கு வந்துடுச்சு, ஆபீசுக்கு வரணும்."

காகிதம் என்றதும் என் காதுகள் நிமிர்ந்தன. அன்றைக்கே மனுவை எழுதினேன். பார்வை, பொருள், மேற்கோள், பணிவான வேண்டுகோள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைப் பக்கம். படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள், ஆனால் ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை.

"நல்லாருக்குதுக்கா. ஆனா இது உன் பேச்சு. என்னுது மாதிரி இல்ல."

"மனுன்னா இப்படித்தான் இருக்கும்."

"நாத்தனாரு எனக்காகப் பேசிச்சு. இப்ப நீ எனக்காக எழுதற. நீ நல்லா எழுதற, அவ்ளோதான்."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. பேனாவை அவளிடம் கொடுத்தேன். கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் எழுதியது இது: "ஐயா, நான் தையல் மிஷினில் வேலை செய்கிறேன். என் கை முன்பு நடுங்கியது. இப்போது நடுங்கவில்லை. கை என்னுடையது, அதனால் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று ஒரு காகிதம் கொடுங்கள்." கீழே கையெழுத்து. எழுத்துப் பிழைகள் நாலைந்து இருந்தன. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகங்களில் அது ஒன்று.

டாக்டர் அதன் மேல் சிபாரிசு எழுதிவிட்டார். ஆனால் காகிதத்தைக் கண்காணிப்பாளர் அலுவலகம்தான் கொடுக்க வேண்டும். அங்கேயும் அதே எழுத்தர்தான்.

"பாதுகாவலர் கையெழுத்து எங்கம்மா?"

"கை என்னுது சார்" என்றாள்.

"அதெல்லாம் சரி. மனநோய் ஓபி கேசுக்கு பாதுகாவலர் போடணும்."

"எந்த விதி?" என்று நான் நுழைந்தேன்.

"வழக்கம்மா."

"வழக்கத்துக்கு எண் உண்டா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாங்கள் இருவரும் ஒரே தொழில்காரர்கள் என்ற வருத்தம் இருந்தது. மனு திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் நான்தான் தளர்ந்தேன். நோன்புக்கு நாள் அதிகம் இல்லை. "நாத்தனார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு. அரை நிமிஷ வேலை. சண்டையை அப்புறம் வெச்சிக்கலாம்" என்றேன்.

"அது போடும்க்கா. போடாதுன்னு இல்ல. இன்னிக்கி மிஷின்ல உக்காரலாம்னு போட்டா, நாளைக்கி உக்கார வேணாம்னும் அதுவே போடலாம் இல்ல?"

பதிவு அலுவலகத்தில் அத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அது தோன்றவில்லை. அதிகாரப் பத்திரம் ஒருமுறை கொடுத்தால் ரத்து செய்ய எவ்வளவு பாடு என்று தினமும் பார்த்தவள் நான்.

அதே மனுவை மறுபடி கொடுத்தாள். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள், யோசனை என்னுடையது, வார்த்தை அவளுடையது: "வேறு ஆள் கையெழுத்து வேண்டும் என்றால் எந்த ரூல் என்று எழுதிக் கொடுங்கள்." எந்த அலுவலகமும் இல்லாத விதியின் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடாது. வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதில் இல்லை.

பெஞ்சில் விஷயம் பரவியது. அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளில் வாணியம்பாடி வியாபாரி ஒருவர் தன் மருந்து பற்றித் தானே எழுதினார். விரிஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி தன் சீட்டு தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினாள். என்னிடம் எழுதித் தரச் சொல்லி வந்தவர்களை அவள் வழிமறித்தாள். "அதுங்கிட்ட போவாதீங்க, ஒன்றப் பக்கம் ஆயிடும். நீங்களே ரெண்டு வரி போடுங்க." எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, சொன்னபடியே எழுதும் வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது. எழுத்தர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார்.

நோன்பு தொடங்கியது, காகிதம் வரவில்லை. அன்று காலை கம்பெனிக்குப் போனவள், மிஷினில் வேறு பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தே போனாள். மிஷின் துணி போட்டு மூடியிருந்தது. மேலே சிவப்புக் கயிற்றில் ஒரு அட்டை: ரிப்பேர்.

"இன்னா பாய், இன்னா ஆச்சு இதுக்கு?"

"உடம்பு சரியில்ல" என்றார் பாய், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"நேத்து வரைக்கும் நல்லாதான இருந்திச்சு?"

"மிஷினுக்கு இன்னா வந்துச்சுன்னு மிஷின கேளு. என்னை கேக்காத. போ, நூல் வெட்டு."

அவள் வந்து சொன்னபோது நான் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தேன். நல்ல மிஷினுக்கு நோய்ச் சான்று கொடுத்து விடுப்பில் வைத்திருந்தார் பாய். மெக்கானிக் வாரம் ஒருமுறை வந்து பார்த்து, அட்டையின் பின்பக்கத்தில் 'பார்ட் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாராம். நோன்பு முடிந்து பெருநாளும் வந்து போயிற்று. ஆபீஸில் ஒரு தரம் கேட்டதற்கு, பார்ட் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். என் பணிக்காலத்தில் அத்தனை சுத்தமாகப் பராமரித்த கோப்பை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எத்தனை நாள் தாங்கும்? ஜூலை முதல் வாரம் பாயே அவளிடம் சொன்னார்: "புது மிஷின் வாங்கறேன்றான் ஆபீஸ்ல. புது மிஷின்னா புது ஆள். சீக்கிரம் பாரும்மா."

அவள் அன்றைக்கு மூன்றாவதாக ஒரு நினைவூட்டு எழுதினாள். ஒரே வரி: "ஐயா, நான் இன்னும் காத்திருக்கிறேன்."

பதில் தபாலில் வந்தது, அவள் வீட்டுக்கு, அவள் பெயருக்கு. அந்த வீட்டில் அவள் பெயருக்கு அதுவரை கடிதம் வந்ததில்லை. நாத்தனார் கை நீட்டியபோது தபால்காரர் கொடுக்கவில்லையாம். பதிவுத் தபால், பேருக்கு உரியவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நூல் மேசையிலிருந்து அவள் வரும் வரைக்கும் காத்திருந்திருக்கிறார். அந்தத் தபால்காரரை எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் ஒரு பாராட்டு மனு அனுப்பியிருப்பேன். உள்ளே நாலு வரி. மனுதாரரின் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. மருத்துவரின் பரிந்துரைப்படி அவர் தையல் இயந்திரத்தில் பணிபுரியலாம். பாதுகாவலர் கையெழுத்து பற்றி ஒரு சொல்லும் இல்லை. புது மிஷின் இன்னும் வந்திருக்கவில்லை; பழையதன் மேல் ரிப்பேர் அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட தேதி ஜூன் மூன்று. பதினைந்து கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து அது அவள் கைக்கு வந்தது 1985 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை.